தண்ணி பார்த்தேன், லோடு பார்க்கவில்லை

ஆசைக்காகப் பழைய கார் வைத்திருப்பவர் பேட்டரிக் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" டாக்ஸிக்காரர் அப்படிக் கேட்க மாட்டார். அவர் வண்டி தினமும் ஓடுகிறது, பேட்டரி தினமும் நிரம்புகிறது. போகிற காலம் வந்தால் நாலு நாள் முக்கிக் காட்டிவிட்டுத்தான் போகும். ஆசை வண்டி அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை துடைத்து, பத்து நிமிஷம் உறுமவிட்டு, மறுபடி துணி போட்டு மூடிவிடுவார்கள். அந்த வண்டிகளில் பேட்டரி உழைத்துச் சாவதில்லை, சும்மா இருந்து சாகிறது. மாதம் ஒருமுறை கழற்றி முழுசாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. "புதுசு போடலாமா, பழசையே சரி பண்ணலாமா?" அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பதிலை அங்கேயே சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் மீதி எல்லாவற்றையும் நீங்கள் கையால் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். இந்த ஒரு பதிலைத்தான் யாரும் சொல்லித்தர முடியாது. நான் அதைத் தவறாகச் சொன்னேன். தவறு என்றுகூட அதைச் சொல்லக் கூடாது. தெரியாமல் சொன்னால்தான் அது தவறு; நான் தெரிந்தே சொன்னேன்.

அறுபதுகளின் நடுவில் நான் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையில் இருந்தேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். அக்கம்பக்கத்துக் கடைகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் கடையில் இரண்டு சோதனைகள். கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி அடர்த்தி பார்ப்பது ஒன்று. அதைத் 'தண்ணி பார்க்கிறது' என்போம். கனமான ஒரு கருவியைப் பேட்டரியின் முனைகளில் அழுத்தி, வண்டி ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற அளவுக்கு மின்சாரத்தை இழுத்துப் பார்ப்பது இன்னொன்று. அது 'லோடு பார்க்கிறது'. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று தண்ணி சொல்லும். அது வெளியே வருமா என்று லோடுதான் சொல்லும். லோடு பார்க்காத பேட்டரி வாசல் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். நான் சொல்லப்போகிற வாரத்தில் அவர் ஊரில் இல்லை. தம்பியின் ஆபரேஷனுக்காக வேலூர் போயிருந்தார்.

சிட்லபாக்கத்திலிருந்து பொன்னையா சாரும் அவர் மனைவி ரூபி டீச்சரும் வந்தார்கள். சார் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். டீச்சர் அப்போதும் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவர்களிடம் யுத்தத்துக்கு முன் வந்த சின்னக் கார் ஒன்று இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் வாங்கியது. ஆறு வோல்ட் வண்டி. சாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டீச்சர் லைசென்ஸ் எடுத்திருந்தார். அந்தத் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவர்தான்.

"நாளன்னிக்குப் பட்டணத்துல பழைய கார் காட்சி, தம்பி" என்றார் சார். "இவதான் ஓட்டப்போறா. நல்லபடியாப் போயிட்டு வந்துட்டா சாவி இனிமே இவகிட்ட. இல்லைன்னா வித்துடறதுன்னு பேச்சு."

"பேச்சு இல்ல கோபால், பரீட்சை" என்றார் டீச்சர் என்னிடம். "ரிட்டயர் ஆகியும் இவருக்குக் கேள்வித்தாள் தயாரிக்காம இருக்க முடியல."

"பாஸ் பண்ணிட்டா சந்தோஷம்தானே?" என்றார் சார்.

"பண்ணுவேன். வித்துட்டா சர்ச்சுக்குப் போற வழியில யார் ஓட்டறதைக் குத்தம் சொல்லுவீங்க? பஸ் டிரைவரையா?"

சிரித்தோம். ஆனால் டீச்சரின் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அவருக்கு அது விளையாட்டு இல்லை.

பேட்டரியைப் பார்த்தேன். மூன்று செல்லில் நடுச்செல் செத்திருந்தது. அந்தக் காலத்துப் பேட்டரி கறுப்பு ரப்பர் பெட்டி. மேலே தார் ஊற்றி மூடியிருக்கும். ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஈயப் பட்டை ஓடும். தாரைப் பெயர்த்து, பட்டையை அறுத்து, ஒரு செல்லை மட்டும் மாற்றி, பட்டையை மறுபடி உருக்கி ஒட்டலாம். மவுண்ட் ரோட்டில் அதே அளவில் புதுப் பேட்டரியும் கிடைத்தது. ஆனால் அது மொட்டைப் பெட்டி. பழைய பெட்டியில் கம்பெனியின் எழுத்துகள் புடைத்து நின்றன.

"நடுவருங்க பானெட்டைத் திறந்து பார்ப்பாங்க" என்றார் சார். "பெட்டி பழசாவே இருக்கணும்."

"பெட்டியா ஓடப்போகுது?" என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கோபால். உன் சொந்த வண்டின்னா எதைப் போடுவ?"

புதுசு என்பதுதான் பதில். இரண்டு கிழட்டுச் செல்லுக்கு நடுவே ஓர் இளம் செல்லை உட்கார வைத்தால் மூன்றும் ஒன்றாக உழைக்காது. இது எனக்குத் தெரியும். ஆனால் பழைய பெட்டிக்குள் புது உயிர் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை தொண்டை வரை வந்திருந்தது. "பழசுலயே போட்டுத் தரேன் டீச்சர். கவலையே படாதீங்க" என்றேன்.

மறுநாள் செல்லை மாற்றினேன். பட்டையை ஒட்டும்போதுதான் வினை வந்தது. பழைய ஈயமுனை உள்ளே வெள்ளையாகப் பூத்து அரித்துப்போயிருந்தது. நான் உருக்கி ஊற்றிய ஈயம் அதன்மேல் உட்கார்ந்ததே தவிர ஒட்டவில்லை. ஆறியதும் முனையைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டக்கோடு தெரிந்தது. மறுபடி அறுத்து, சுத்தமாகச் சுரண்டி ஒட்டியிருக்க வேண்டும். முனை மட்டத்துக்கு அறுத்தாயிற்று என்பதால் அதைக் கட்டி எழுப்ப வேண்டும், தார் இளகும், இன்னும் ஒரு நாள் பிடிக்கும். விடிந்தால் காட்சி. அந்தக் கோட்டின் மேல் வாசலின் களிம்பைத் தடவினேன். கோடு மறைந்தது.

லோடுக் கருவி சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. லோடு வைத்தால் அந்த ஒட்டு விட்டுப்போகும் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. தண்ணி மட்டும் பார்த்தேன். தண்ணி அருமையாக இருந்தது.

காலையில் பேட்டரியைச் சிட்லபாக்கத்துக்குக் கொண்டுபோய் மாட்டினேன். டீச்சர் செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுக்கக் கையை நீட்டினார். செல்ஃப் இழுக்கிற இழுப்பில் ஒட்டு அங்கேயே போய்விடும்.

"செல்ஃப் வேணாம் டீச்சர். புது செல் போட்டிருக்கு. இன்னிக்கு ஹேண்டில்லயே எடுத்துக்கலாம்" என்றேன்.

"இந்த வண்டிக்கு அதுதான் மரியாதை" என்று சார் சந்தோஷமாக ஹேண்டிலை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் முன்னால் செருகினார். இரண்டாம் சுற்றில் இஞ்சின் பிடித்தது.

வழியில் ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ள என்னையும் வரச் சொன்னார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தேன். டீச்சர் நன்றாக ஓட்டினார். அவசரம் இல்லை, பயம் இல்லை. பயமெல்லாம் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஈயப் பட்டை தூக்கிக்கொள்ளும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வேகமாக ஓடும்வரை டைனமோ மின்சாரம் தரும், பேட்டரி வேண்டாம். மெதுவாக உருண்டால், நின்றால், பேட்டரியிலிருந்துதான் இஞ்சினுக்குப் பொறி போக வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டை அடைந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் குரோம்பேட்டை ரயில்வே கேட் இருந்தது.

கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு மாட்டுவண்டிகள், சைக்கிள்கள். பக்கத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன்கூடை சுமந்து வந்த பெண்கள் நாலைந்து பேர்.

"நேரமாகும் போலிருக்கு. ஆஃப் பண்ணிடட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேணாம்!"

என் குரல் எப்படி வந்ததோ, இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "வேணாம் டீச்சர். ஓடட்டும்" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தோம். "பேட்டரியில ஒரு ஒட்டு சரியில்ல, திரும்பிடலாம்" என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஒரு ரயில் போனது. கேட் திறந்தது. மாட்டுவண்டிகள் போயின. டீச்சர் மெதுவாக ஏறினார். முதல் தண்டவாளத்தைக் கடந்தோம். இரண்டாவதில் முன்சக்கரம் இறங்கியதும் இஞ்சின் நின்றது.

டீச்சர் செல்ஃபை இழுத்தார். ஒரு 'டிக்'கூட வரவில்லை. ஹாரனை அழுத்தினார். அதுவும் ஊமை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"கிளட்ச்! கிளட்ச்சை விட்டுட்ட ரூபி!" என்று சார் கத்தினார்.

"விடலைங்க. செல்ஃப் வரமாட்டேங்குது."

"பதட்டத்துல எதையாவது திருகியிருப்ப. இரு, இரு" என்று சார் ஹேண்டிலோடு இறங்கி ஓடினார்.

கேட்மேன் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "பட்டணம் போற ரயில் சானடோரியம் ஸ்டேஷனை விட்டுடுச்சு சார்! எடுங்க வண்டியை!" சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியோடு தாம்பரம் பக்கமாக ஓடினார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பேட்டரி இல்லாமல் அந்த இஞ்சினுக்குப் பொறி இல்லை. பொறி இல்லாத இஞ்சினை ஹேண்டில் போட்டு விடியவிடியச் சுற்றினாலும் ஓடாது. வண்டியில் வந்த மூன்று பேரில் அது தெரிந்தவன் நான் ஒருவன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சார் சுற்றினார். ஏழு முறை சுற்றினார். நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் சரியாகத் தெரியாத, அறுபது வயதான மனிதர், தண்டவாளத்தின் மேல் குனிந்து நின்று சுற்றிக்கொண்டிருந்தார்.

என்னை எழுப்பியது என் மனசாட்சி இல்லை. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் ஜன்னலில் அடித்தாள். "யோவ்! இன்னா பொம்ம கணக்கா குந்திகினு கீற? இறங்கித் தள்ளுய்யா! பெரியவரு அங்க சுத்திகினு கீறாரு, இவரு சவாரி வந்துகீறாரு!"

இறங்கினேன். டீச்சரை இறங்கச் சொன்னேன்; ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்று மறுத்துவிட்டார். ரயிலின் சத்தம் கேட்கும்போது அவர் உள்ளேயே உட்கார்ந்து சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் சாரும் அந்தப் பெண்களும் தள்ளினோம். பின்சக்கரம் பாதையில் பதித்த பலகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மாட்டியது. "ஏலேலோ போட்டுத் தள்ளுங்கடி, படகுன்னு நெனச்சுக்கோ!" என்றாள் அந்தப் பெண். வண்டி எம்பி வெளியே வந்தது. ரயில் கொடியைப் பார்த்து, கிறீச்சிட்டு, கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆண்டவருக்கு நன்றி என்றார் சார். ரயில் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. "யாருப்பா ஓட்டினது?" "பொம்பளையா? அப்பச் சரி!" சிரிப்பு.

நான் பானெட்டைத் திறந்தேன். பட்டை ஒரு காகிதக் கனம் தூக்கி நின்றது. யாரும் பார்க்காதபடி குனிந்துகொண்டு, ஸ்பானர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்னப்பா?" என்றார் சார்.

"ஒண்ணுமில்ல சார். சுத்துங்க."

முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்தது. சார் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கோபமில்லை. பரிதாபமாகப் பார்த்தார். வண்டியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு வேறு எங்கே இருக்கும்?

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்து எழுதிக்கொண்டார். மீன்கார அம்மா, "அந்தம்மா நல்லாத்தான் சார் ஓட்டிகினு வந்துச்சு. வண்டி தானா நின்னுபோச்சு" என்றாள். "கூடையைத் தூக்கிக்கிட்டுப் போம்மா" என்றார் அவர். பிறகு என்னிடம் கேட்டார். "நீ பேட்டரிக்காரனா? பேட்டரி எப்படி?"

"தண்ணி பார்த்தேன் சார். நல்லா இருக்கு" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படித்தவன் சொல்லும் பொய் இப்படித்தான் இருக்கும். 'ஓட்டியவரின் பழக்கக் குறைவால் வண்டி நின்றது' என்று எழுதி நீட்டினார். டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

காட்சிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வண்டியை நான்தான் ஓட்டிவந்தேன், வேகத்தைக் குறைக்காமல். டீச்சர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். மறுநாள், "ஒரு தடவை செக் பண்ணிடறேன் சார்" என்று பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டைச் சரியாகப் போட்டு, லோடும் பார்த்துக் கொடுத்தேன். பொறுப்பான பையன் என்று சார் முதலாளியிடம் சொன்னாராம்.

சார் வண்டியை விற்கவில்லை. சாவியைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை ஒரு மெக்கானிக்கை வரவழைத்து இஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார். டீச்சர் அதன்பின் ஓட்டவில்லை. இருவரும் சர்ச்சுக்குப் பஸ்ஸில் போவதை நான் கடை வாசலிலிருந்து பார்ப்பேன். பார்த்ததும் உள்ளே போய்விடுவேன்.

பதினொரு வருஷம் கழித்துச் சார் இறந்துபோனார். நாலு மாதம் சென்று டீச்சர் சொல்லி அனுப்பினார். வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வருகிறார், இஞ்சின் ஓடுவதைக் காட்ட வேண்டும், பேட்டரி செத்துக்கிடக்கிறது. போனேன். நடுவே வேறு யாரோ செல் மாற்றியிருந்தாலும் அதே பெட்டிதான். இம்முறை மூன்று செல்லும் போயிருந்தன.

"புதுசா, பழசையே சரி பண்றதா கோபால்?" என்று டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"புதுசு டீச்சர்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வட்டக்கோடு, வாசலின், எடுக்காத லோடுக் கருவி, ஏழு சுற்று, ஸ்பானர் பிடி, அதிகாரியிடம் சொன்ன வாக்கியம், எல்லாவற்றையும் அந்த ஷெட்டில் நின்றபடியே சொன்னேன்.

டீச்சர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் ஒரு நாள்கூட என்னைத் திட்டல, தெரியுமா?" என்றார். "மன்னிச்சிட்டார். பதினோரு வருஷமா மன்னிச்சுக்கிட்டே இருந்தார். ஜெபத்துலகூட."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம். உன்னை நான் மன்னிக்கப் போறதில்ல கோபால். மன்னிக்கப்படறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். போய்ப் புதுசை எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். மாட்டினேன். வண்டியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். செல்ஃபை இழுத்தார். நாலாவது இழுப்பில் இஞ்சின் பிடித்தது. கியர் போட்டார். கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுப்பார் என்று பார்த்தேன். வேண்டுமென்றே, சட்டென்று எடுத்தார். வண்டி ஒரு குதி குதித்து, டீச்சரின் தலை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வர, தடக்கென்று நின்றது.

பிறகு மறுபடி இழுத்து, கியர் போட்டு, மறுபடி அதேபோல விட்டார். மறுபடி குதித்து நின்றது.

"இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். "அன்னிக்கு வண்டி இப்படிக் குதிக்கல."

மூன்றாம் முறை செல்ஃபை இழுத்தார். காலை மெல்ல எடுத்தார். நான் வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.